'அப்' என்ற இரண்டெழுத்து: இங்கிலீஷ் பழகத் தொடங்கும் நெல்லைக்காரர்களுக்கு

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன்னால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். குளிர்பெட்டிக்குள் தம்ஸ் அப், செவன் அப். சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளுக்கு நடுவே குளோசப் பற்பசை. கடைக்காரர் போனில் வாட்ஸ்அப். எதிர்ச் சுவரில் முழு உடல் செக்கப் விளம்பரம். "சும்மா பில்டப் குடுக்காதல" என்று யாரோ கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டு போகிறார். இங்கிலீஷே வராது என்று சொல்கிறவரைச் சுற்றியும் ஒரே சொல் இத்தனை தடவை வந்து நிற்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

மாலை நேரத்தில் இங்கிலீஷ் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். பட்டம் முடித்துவிட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை தேடிப் போகப்போகிற தம்பிமார் வருவார்கள். நர்ஸிங் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் ஒரு அக்கா வருகிறார். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், பேரனிடம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்பதற்காகவே வருகிறார். இவர்கள் யாரையும் பெரிய சொற்கள் தடுக்கி விழவைத்து நான் பார்த்ததில்லை. பெரிய சொல்லுக்கு அகராதியில் ஒன்றோ இரண்டோ பொருள்தான் இருக்கும், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விழவைப்பது எல்லாம் 'கெட்', 'செட்', 'ரன்', 'அப்' மாதிரிப் பொடிச் சொற்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430 பொருள் கொடுத்திருந்தார்கள். எந்தப் பிள்ளை அதை மனப்பாடம் பண்ண முடியும்?

நாங்குநேரிப் பக்கத்து நர்ஸிங் மாணவி ஒருவர் வெளிநாட்டு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவில் ஒரு நோயாளி, 'ஐ த்ரூ அப் ட்வைஸ் லாஸ்ட் நைட்' என்கிறார். கேட்டு எழுத வேண்டும். இந்தப் பிள்ளை எழுதியது: நோயாளி நேற்று ராத்திரி எதையோ இரண்டு முறை மேலே எறிந்தார். 'த்ரோ' என்றால் எறி, 'அப்' என்றால் மேலே. கூட்டினால் அதுதானே வரும்? ஆனால் நோயாளி சொன்னது, இரண்டு முறை வாந்தி எடுத்ததை. அந்தப் பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிட்டது. "ரெண்டு சொல்லும் எனக்குத் தெரியும் சார், ஆனா சேந்தா தெரியல" என்றது. அன்றைக்குத்தான் இந்தச் சொல்லை வேறு மாதிரிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

'அப்' என்றால் மேலே என்று ஒன்றாம் வகுப்பில் படித்ததோடு நாம் நின்றுவிட்டோம். 'அப்' செய்கிற வேலையில் பெரும்பகுதியைத் தமிழில் 'விடு', 'போ', 'போடு', 'வை' மாதிரியான துணைவினைகள் செய்கின்றன. அதைக் காதில் பிடித்துக்கொண்டால் பாதி வழி கடந்த மாதிரி.

முதல் படி: ஏற்கெனவே வாயில் இருப்பதை எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில், தமிழ் பேசும்போதே நீங்கள் சொல்லும் 'அப்'களை எழுதுங்கள். செக்கப், மேக்கப், பிக்கப், லாக்கப், டாப்பப், கெட்டப், செட்டப், பில்டப், பேக்கப், லைனப். அரை மணி நேரத்தில் பதினைந்தாவது வரும். வகுப்பில் வெறும் கையோடு வந்தவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒவ்வொன்றையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். சில சொற்கள் நம் ஊருக்கு வந்து குணம் மாறிவிட்டன. 'பில்டப்' என்றால் நமக்கு வீண் பெருமை. இங்கிலீஷில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. ரோட்டில் வண்டிகள் சேர்ந்துகொண்டே போவதும், ஒரு விழாவுக்கு முந்தைய நாட்களின் பரபரப்பும் பில்டப்தான். 'செட்டப்' என்றதும் நமக்கு ஏதோ தில்லுமுல்லு வாடை அடிக்கும். அங்கேயும் அந்த வாடை உண்டு, ஒருவரை மாட்டிவிடுவதற்கு 'செட் அப்' என்பார்கள். ஆனால் கம்ப்யூட்டரை எடுத்து வைத்து ஒயர் மாட்டி ஓடவைப்பதும் அதே 'செட் அப்'. அலுவலகத்தில் மேலாளர் 'செட் அப் எ மீட்டிங்' என்றால் பதற வேண்டாம், கூட்டத்துக்கு ஏற்பாடு பண்ணச் சொல்கிறார்.

'பேக்கப்' கொஞ்சம் விசேஷம். சினிமா ஷூட்டிங் முடிந்ததும் சொல்வது பேக்கப். போனில் இருக்கும் படங்களை வேறிடத்தில் சேமித்து வைப்பதும் பேக்கப். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, இங்கிலீஷில் இரண்டும் வேறு. முதலாவது 'பஸ்' என்று சொல்லும்போது வரும் 'ப' இல்லை, 'பல்' என்று சொல்லும்போது உதட்டை அழுத்தித் திறக்கிற 'ப'. இரண்டாவதுதான் 'பஸ்'ஸில் வரும் 'ப'. ஒரு காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். மூட்டை கட்டுகிற பேக்கப்பில் காகிதம் ஆட வேண்டும். வேலைக்குப் போகிற தம்பிமார் இதைக் கட்டாயம் பழக வேண்டும். சேமித்து வை என்று சொன்னதை மூட்டை கட்டு என்று கேட்டுவிட்டால் சிரமம்.

இன்னொன்று: எழுத்துக்கூட்டலைப் பாட்டிலைப் பார்த்துப் படிக்காதீர்கள். 'தம்ஸ் அப்' பாட்டிலில், 'ஏ, பி, சி'யில் வரும் 'பி' என்ற எழுத்தை 'தம்ஸ்' என்பதில் விட்டுவிட்டு எழுதியிருக்கும். கட்டைவிரலுக்கான இங்கிலீஷ் சொல்லில் அந்த எழுத்து உண்டு, வாயில்தான் வராது. வாட்ஸ்அப்பும் அப்படித்தான். 2009-ல் தொடங்கிய அந்தச் செயலியின் பெயர், 'என்ன விசேஷம்?' என்று கேட்கிற 'வாட்ஸ் அப்?' என்பதோடு 'ஆப்' என்ற சொல்லைக் கோத்துச் செய்தது. நம் ஊரில் "என்னடே விசேஷம்?" என்போமே, அதுதான் தினமும் நூறு தடவை நம் விரல் தொடுகிற சொல்.

இரண்டாம் படி: மேடு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

திசையைக் காட்டும் 'அப்' எளிது என்று எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்கச் சொல்வேன்.

நமக்கு மேடு எது என்று தாமிரபரணியே சொல்லிவிடும். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மலை மேற்கே, கடல் கிழக்கே. 'மேற்கு'க்குள் 'மேல்' இருக்கிறது, 'கிழக்கு'க்குள் 'கீழ்' இருக்கிறது. டவுனில் மேல ரத வீதி மற்ற வீதிகளைவிட உயரத்தில் இல்லை. கோயிலுக்கு மேற்கே இருக்கிறது, அவ்வளவுதான். மேலநத்தம், கீழநத்தம் என்று ஊர்ப் பெயர் வைத்ததும் இந்தக் கணக்கில்தான். ஆக நமக்கு மேல் என்றால் மேற்கு.

இங்கிலீஷ்காரருக்கு மேப்பில் வடக்கு மேலே இருப்பதால், 'அப்' வடக்கு. 'அப் நார்த்', 'டவுன் சவுத்' என்பார்கள். நெல்லையிலிருந்து சென்னைக்குப் போவதை 'அப் டு சென்னை' என்றும், இங்கே வருவதை 'டவுன் டு திருநெல்வேலி' என்றும் அவர்கள் சொல்வது அதனால்தான். இதில் நம்மைக் கீழாகச் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்களும் நம் கட்சிக்கு வந்துவிடுவார்கள்: 'அப் த ரிவர்' என்றால் ஆறு பிறக்கும் இடத்தை நோக்கி. நமக்கு அது பாபநாசத்துப் பக்கம்.

சில இடங்களில் உயரமும் இல்லை, வடக்கும் இல்லை, மரியாதைதான் மேடு. பிரிட்டன் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போகிற வண்டி 'அப்', லண்டனை விட்டு விலகுவது 'டவுன்'. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கப் போவதை 'கோயிங் அப் டு ஆக்ஸ்ஃபோர்டு' என்றுதான் பழைய வழக்கப்படி சொல்வார்கள். லண்டனிலிருந்து 'டவுன்' வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிற பையன் 'அப்' போகிறான்! தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

தெருவில் வழி கேட்கும்போது, 'இட்ஸ் அப் த ஸ்ட்ரீட்' என்று பதில் வந்தால் மேட்டைத் தேடாதீர்கள். தெரு சமதரையாக இருக்கலாம். இன்னும் கொஞ்ச தூரம் போ என்று பொருள். 'ஹி வாக்ட் அப் டு மீ' என்றால் பக்கத்தில் வந்தான். 'அப் டு' என்பதற்குத் தமிழில் 'வரை' என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பொருந்தும். 'அப் டு ஃபைவ் ஓ கிளாக்', ஐந்து மணி வரை. 'இட்ஸ் அப் டு யூ' மட்டும் தனி. "அது உங்க இஷ்டம்" என்கிறார். 'வாட் ஆர் யூ அப் டு?' என்று ஒருவர் கேட்டால் "என்னல பண்ணுத?" என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாளே, அந்தத் தொனி.

நிமிர்ந்து நிற்பது, விழித்திருப்பது எல்லாம் இந்தத் திசைக்குள் அடங்கும். படுத்திருப்பவன் 'டவுன்', எழுந்துவிட்டவன் 'அப்'. அதே மாதிரி, 'சர்வர் இஸ் அப்' என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொன்னால் அது எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் படி: கூட்டுகிற 'அப்'

இது சுலபம். ஃபேனைக் கூட்டி வை என்றால் 'டர்ன் அப் த ஃபேன்'. சத்தமாகப் பேசு என்றால் 'ஸ்பீக் அப்'. சீக்கிரம் என்றால் 'ஹரி அப்'. பாலைச் சூடு பண்ணுவது 'ஹீட் அப்'. விலையை ஏற்றுவதற்கு 'அப்'பையே வினையாக்கி, 'தே அப்ட் த பிரைஸ்' என்றும் சொல்வார்கள். தமிழில் விலை 'ஏறுகிறது', சூடு 'ஏறுகிறது' என்று நாமும் மேல்நோக்கித்தான் சொல்கிறோம். அதனால் இதில் யாரும் தப்புவதில்லை.

நான்காம் படி: 'விடு'வைக் காதில் கேளுங்கள்

இதுதான் முக்கியம். இங்கே ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பிள்ளையிடம் "பாலைக் குடி" என்று சொல்வதற்கும் "பாலைக் குடிச்சிரு" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? முதலாவது குடிக்கச் சொல்கிறது. இரண்டாவது மிச்சம் வைக்காமல் குடித்து முடிக்கச் சொல்கிறது. 'டிரிங்க் யுவர் மில்க்', 'டிரிங்க் அப் யுவர் மில்க்' என்பவற்றுக்கு இடையில் இருப்பதும் அதே வித்தியாசம். 'ஈட்' என்றால் சாப்பிடு, 'ஈட் அப்' என்றால் சாப்பிட்டுவிடு. டம்ளருக்குள் மேலே கீழே என்று எதுவுமே இல்லை. வேலை முடிகிறது என்பதற்கு அங்கே ஒரு 'அப்', இங்கே ஒரு 'விடு'.

நமக்கு 'விடு' ஒன்றுதான் என்று இல்லை. கோடையில் குளம் வற்றிப் 'போகும்', அது 'டிரை அப்'. எண்ணெய் தீர்ந்து 'போகும்', 'யூஸ்டு அப்'. கோபத்தில் கடிதத்தைக் கிழித்துப் 'போடுவான்', 'டேர் அப்'. (இதே எழுத்துகளை 'டியர் அப்' என்று படித்தால் கண் கலங்குவது. தமிழில் எழுதும்போது வித்தியாசம் தெரிகிறது, இங்கிலீஷில் எழுதினால் தெரியாது.) பத்தமடைப் பாயைச் சுருட்டி 'வைப்பது' 'ரோல் அப்'. முயற்சியைக் கைவிடுவது 'கிவ் அப்'; அங்கே தமிழிலும் 'விடு' அப்படியே நிற்கிறது. நாம் நாலைந்து துணைவினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் வேலையை இங்கிலீஷ் ஒரே 'அப்'பின் தலையில் கட்டியிருக்கிறது. நமக்குக் கூலியாள் அதிகம், அவர்களுக்கு ஒருவன்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஸ்டர்'. அல்வா கிண்டுவது 'ஸ்டர்'. இரண்டு வீட்டுக்கு நடுவே சண்டையைக் கிண்டிவிடுவது 'ஸ்டர் அப்'. தமிழில் 'கிண்டு'வோடு 'விடு' சேர்ந்ததும் எப்படி அடுப்பை விட்டுத் தெருவுக்கு வந்துவிடுகிறதோ, இங்கிலீஷில் 'ஸ்டர்' கூட 'அப்' சேர்ந்ததும் அப்படியே வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், தெரியாத 'அப்' வரும்போது மனசு பதறாது.

பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு ஒருநாள் கோபமே வந்துவிட்டது. "கடை தொறக்கதும் 'ஓப்பன் அப்'. அடைக்கதும் 'குளோஸ் அப்'. ரெண்டும் எப்படி சார் மேல போவும்? ஒண்ணு மேல போனா ஒண்ணு கீழ வரணும்லா?"

"அண்ணாச்சி, காலையில பேரன் போன் போட்டு கேட்டா என்ன சொல்லுவீய?"

"கடையத் தொறந்துட்டேன்ம்பேன்."

"ராத்திரி?"

"கடைய அடைச்சுட்டேன்."

"ரெண்டுலயும் 'ட்டேன்' இருக்குல்லா?"

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டில் இரண்டு வாக்கியத்தையும் எழுதி, 'ட்டேன்' இரண்டுக்கும் கீழே கோடு போட்டார். அந்தக் கோட்டைத்தான் நீங்களும் போட வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் உங்கள் வீட்டுப் பேச்சில் '-ட்டேன்', '-ச்சிரு', '-ப்போச்சு' என்று முடிகிற வாக்கியங்களை எழுதுங்கள். பூட்டிட்டேன், கட்டி முடிச்சிட்டேன், சுத்தம் பண்ணிரு, தீந்துபோச்சு. வலது பக்கம் அதற்கான வினையோடு 'அப்' சேருமா என்று அகராதியில் பாருங்கள். லாக் அப், டை அப், கிளீன் அப், யூஸ் அப். எல்லாவற்றுக்கும் சேராது. 'போய்விட்டான்' என்பதற்கு 'கோ அப்' என்று எழுதினால் தப்பு. ஆனால் பத்தில் ஐந்தாறு சேரும்.

பரீட்சை ஹாலில் 'டைம் இஸ் அப்' என்றால் நேரம் முடிந்துவிட்டது. 'சர்வர் இஸ் அப்' என்றால் ஓடுகிறது என்று சற்று முன்னால் பார்த்தோம். ஒரே சொல், ஒன்றில் முடிந்தது, ஒன்றில் ஓடுகிறது. நேரத்துக்கு வந்தது 'விடு' அப். சர்வருக்கு வந்தது எழுந்து நிற்கிற அப். எது எந்தச் சாதி என்று கேட்டுப் பழகினால் குழப்பம் தானாகவே விலகும்.

ஐந்தாம் படி: கண்ணில் படுவது, பேச்சில் கிளம்புவது

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற உறவுக்காரர் 'டர்ன் அப்' ஆகிறார். வேலைக்கு வர வேண்டியவர் வந்துசேர்வது 'ஷோ அப்'. திடீரென்று ஒரு பிரச்சினை கிளம்பினால் 'சம்திங் கேம் அப்'. லீவு சொல்லும்போது உதவும். மறைந்திருந்தது தண்ணீருக்கு மேலே தலை காட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நர்ஸிங் மாணவி கேட்ட 'த்ரோ அப்'பும் அப்படித்தான். வயிற்றுக்குள் இருந்தது வெளியே வருகிறது. வார்டில் வேலை பார்க்கப் போகிறவர்கள் 'பிரிங் அப்' என்ற சொல்லை மூன்று விதமாகக் கேட்பார்கள்: பிள்ளை வளர்ப்பது, பேச்சை எடுப்பது, சாப்பிட்டதை வெளியே எடுப்பது. பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். பக்கத்தில் 'சைல்ட்' இருந்தால் வளர்ப்பு, 'சப்ஜெக்ட்' இருந்தால் பேச்சு, 'பிளட்' இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

'லுக் அப்' என்றால் அகராதியிலோ போனிலோ தேடிப் பார்ப்பது. பின்னால் ஒரு 'டு' சேர்ந்தால் ஒருவரை மதித்து அண்ணாந்து பார்ப்பது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. மூன்று துண்டாக வருகிற இவற்றைப் பிரித்துப் பொருள் பார்க்காதீர்கள், ஒரே சொல்லாக மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: 'அப்' போடக்கூடாத இடங்கள்

தமிழில் பஸ்ஸில் 'ஏறுகிறோம்', 'இறங்குகிறோம்'. அதனால் 'ஐ காட் அப் த பஸ்' என்று வாயில் வந்துவிடும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. ஆட்டோவுக்கும் காருக்கும் 'கெட் இன்', 'கெட் அவுட்'. 'கெட் அப்' என்றால் எழுந்திரு. வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு 'ஐ வில் கெட் டவுன் ஹியர்' என்று சொன்னால் நம் நாட்டில் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டில் 'கெட் ஆஃப்' என்றே சொல்லுங்கள்.

'கோப் அப் வித்' என்று இந்தியா முழுக்க எழுதுகிறோம். சமாளிப்பது வெறும் 'கோப் வித்'தான், நடுவில் 'அப்' கிடையாது. வேலை விண்ணப்பத்தில் நான் அதிகம் திருத்துகிற தப்பு இது. பாங்கில் 'ஃபார்மை ஃபில்லப் பண்ணுங்க' என்பதும், பள்ளிக்கூடத்தில் 'ஃபில் அப் த பிளாங்க்ஸ்' என்பதும் நம் நாட்டு வழக்கு. பிரிட்டன், அமெரிக்கா பக்கம் 'ஃபில் இன்', 'ஃபில் அவுட்' என்பார்கள். பெட்ரோல் டேங்க்கை நிரப்புவதற்கு மட்டும் 'ஃபில் அப்' எல்லா ஊரிலும் செல்லும். இந்திய வழக்கு என்பதால் அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேசினால் போதும்.

ஏழாம் படி: நடுவில் நுழைகிற சின்னச் சொல்

பையை எடு என்பதை 'பிக் அப் த பேக்' என்றும் சொல்லலாம், 'பிக் த பேக் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'பை' என்ற பெயரை விட்டுவிட்டு 'அதை' என்று சொன்னால், 'பிக் இட் அப்' ஒன்றுதான் சரி. 'பிக் அப் இட்' என்று சொல்லவே கூடாது. 'என்னை எழுப்பிவிடு' என்பது 'வேக் மீ அப்'. இட், மீ, ஹிம், ஹெர், தெம் எல்லாம் நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். டீக்கடையில் பற்று ஏறிக்கொண்டே போகிறது: 'ரன் அப் எ பில்'. திருக்குறுங்குடியில் நம்பி மலைமேல் ஒருவர் ஓடுகிறார்: 'ரன் அப் த ஹில்'. கேட்க ஒரே மாதிரி இருக்கும். 'இட்' போட்டுப் பாருங்கள். டீக்கடைக் கணக்கு 'ரன் இட் அப்' ஆகும். மலை 'ரன் அப் இட்' ஆகும். மலைக்கு வந்தது உண்மையான மேலே. அங்கே 'அப்' மலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, வினையோடு சேரவில்லை. அதனால் நடுவில் யாரும் நுழைய முடியாது. முன் சொன்ன 'லுக் அப் டு ஹிம்', 'புட் அப் வித் இட்' மாதிரி மூன்று துண்டுச் சொற்களிலும் இப்படித்தான், 'இட்' கடைசியில்தான் வரும்.

எட்டாம் படி: காது

வேகமாகப் பேசும்போது 'பிக் இட் அப்' என்று மூன்று சொல்லாகக் கேட்காது. 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாகத்தான் கேட்கும். 'கிவ் இட் அப்' என்பது 'கிவ்விட்டப்'. மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதா? பால் + ஆறு பாலாறு என்று பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி படித்தவர்கள்தானே நாம். இங்கிலீஷ் கேட்கும்போதும் புணர்ச்சியைப் பிரித்துக் கேளுங்கள்.

அழுத்தத்தையும் கவனியுங்கள். பெயராக வரும்போது முதல் பாதியை அழுத்த வேண்டும்: 'ஐ நீட் எ செக்கப்' என்பதில் 'செக்' கனமாக விழும். வினையாக வரும்போது கனம் 'அப்'பில்: 'பிக் மீ அப் அட் த ஜங்ஷன்'. குளோசப்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முகத்தைப் பக்கத்தில் காட்டுகிற குளோசப்பில் வருவது 'பஸ்' என்பதில் உள்ள 'ஸ்' சத்தம். கடை அடைக்கிற 'குளோஸ் அப்'பில் அது வண்டு ரீங்கரிக்கிற மாதிரி அதிரும். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும்.

போன் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டை மட்டும் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். போனை வைப்பது 'ஹேங் அப்'. சுவரில் மாட்டியிருந்த பழைய போனில் பேசி முடித்ததும் குழலைக் கொக்கியில் தொங்கவிடுவார்கள், அதிலிருந்து வந்த சொல். கொஞ்சம் இருங்கள் என்று சொல்ல 'ஹோல்ட் ஆன்'. அதை 'ஹோல்ட் அப்' என்று சொல்லிவிடாதீர்கள். அதற்குத் தாமதப்படுத்துவது, துப்பாக்கி காட்டிப் பறிப்பது என்றெல்லாம் வேறு பொருள் இருக்கிறது.

ஒன்பதாம் படி: உங்கள் நாளை எழுதுங்கள்

கடையில் விற்கும் பட்டியலைப் படித்து யாருக்கும் இது வந்ததில்லை. தினமும் ராத்திரி ஐந்து வாக்கியம், உங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். மூன்று வாரம் விடாமல் எழுதினால் பேசும்போது தானாக வரும். முக்கூடல் அக்காவின் நோட்டில் ஒரு பக்கத்தை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

'ஐ வேக் அப் அட் ஃபைவ். ஐ ஹீட் அப் த மில்க். ஐ யூஸ்டு அப் ஆல் த லீவ்ஸ்.' பீடி இலை தீர்ந்துபோச்சு என்கிறார். 'ஐ டைட் அப் த பண்டில்ஸ்.' சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தாயிற்று. 'ஐ ஆடட் அப் த அக்கவுண்ட்.' கணக்குப் பார்த்துக் கூட்டியாயிற்று. முதல் இரண்டு வாக்கியத்திலும் காலம் மட்டும் தப்பியிருந்தது. 'வோக் அப்', 'ஹீட்டட் அப்' என்று மாற்றினோம். ஒரு 'அப்'கூடத் தப்பில்லை.

கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. மகள் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த வண்டியில் வந்தாள். 'மை டாட்டர் ஷோட் அப் லேட்' என்று எழுதியிருந்தார். "சார், அவ வார வரைக்கும் தூங்காம வாசல்ல முழிச்சிக்கிட்டே இருந்தேன். அத எப்படி எழுத? ரெண்டு மூணு வாக்கியம் வேணும்லா?"

வேண்டாம். 'ஐ வெயிட்டட் அப் ஃபார் ஹெர்.' 'வெயிட்' என்றால் காத்திரு. பக்கத்தில் 'அப்' வந்தால், படுக்காமல், கண் அசராமல், அவள் வீட்டுக்கு வந்துசேரும் வரை விழித்தே காத்திருப்பது. அக்கா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுதினார்.